வரிசைக்கு விலை வைக்கிறார்கள்

போன வருடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கார் ஷோரூமில் என் அக்கா மகனோடு உட்கார்ந்திருந்தேன். மஸ்கட்டிலிருந்து முப்பது நாள் லீவில் வந்தவன். ஐந்து மாதம் முன்பே 25,000 ரூபாய் கட்டி, ஊரெல்லாம் அடித்துப்பிடித்துக் கேட்கிற ஒரு வண்டிக்குப் புக்கிங் போட்டிருந்தான். "உங்க அலாட்மென்ட் வந்துருச்சு சார்" என்று போன் வந்ததும் ஓடினோம். வண்டி வந்திருந்தது, கண்ணாடிக்கு அப்புறம் நின்றது, தொட்டும் பார்த்தோம். பிறகு விற்பனைப் பிரிவுத் தம்பி ஒரு தாளை நீட்டினார். சீட் கவர், தரை விரிப்பு, மட் ஃப்ளாப், பெயின்ட்டுக்கு மேல் ஒரு பூச்சு, அடியில் துருப்பிடிக்காமல் இன்னொரு பூச்சு, கதவு ஓரத்தில் எரிகிற விளக்கு. இந்தக் 'கிட்' மொத்தம் 68,000.

"இதெல்லாம் வேண்டாம்னா?"

"வேண்டாம்னா விட்டுரலாம் சார். இந்த வண்டி அடுத்தவங்களுக்குப் போயிரும். உங்களுக்கு அடுத்த லாட்ல வரும், எப்பன்னு சொல்ல முடியாது."

அக்கா மகன் என்னைப் பார்த்தான். "மாமா, லீவு பத்தொம்பது நாளுதான் இருக்கு. குடுத்திருவோம்." கொடுத்தோம். வண்டிக்கு ஒரு பில், மற்றதற்குத் தனியாக இன்னொரு பில். இரண்டாவது பில்லின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'வாடிக்கையாளர் தாமே விரும்பிக் கேட்டு வாங்கியவை.' அதன் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அவனும் போட்டான். அந்த வரி இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டே கிடக்கிறது.

தட்டுப்பாடு பொய்யில்லை. 2022 ஜூலை 30 அன்று மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குப் புக்கிங் திறந்த முதல் நிமிடத்திலேயே 25,000 பேர், அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். 2024 அக்டோபர் 3 அன்று தார் ராக்ஸ் வண்டிக்கு முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பதிவுகள். வேகத்துக்காகவே வாங்குகிற கார்கள் என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். 2025-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. முதல் தவணையாக இந்தியாவுக்கு வந்தது 150 வண்டிதான். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். வெறும் 100. இரண்டும் வருவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. இந்த நிலையில் காத்திருங்கள் என்று ஷோரூம்காரர் சொன்னால் அவரைக் குறை சொல்ல முடியாது, வண்டி அவர் வீட்டில் செய்வதில்லை. எத்தனை மாதம் ஆனாலும் காத்திருக்க வைப்பது குற்றமில்லை. நம் முறை வந்த பிறகு அந்த முறைக்கு ஒரு விலை வைக்கிறார்களே, அதுதான் குற்றம்.

இது புதிதும் இல்லை. 1970, 80-களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அன்று வெளிநாட்டுப் பணம் கட்டினால் சீக்கிரம் வண்டி கிடைக்கும். வளைகுடாவில் ஆள் இருந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டர் முந்தி வந்து நின்றதற்குக் காரணம் அதுதான். அது அரசு அறிந்து நடந்த முன்னுரிமை. இன்று நடப்பது கொட்டேஷனின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் காட்டிவிட்டு, கையோடு திரும்ப வாங்கி வைத்துக்கொள்கிற வியாபாரம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று, இதற்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது என்பது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் பிரிவு 2, உட்பிரிவு 41, 'கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை' என்று ஒன்றைச் சொல்கிறது. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது அதில் அடங்கும். ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டி இழுத்தடித்து, அதனால் விலை ஏற வழி செய்வதும் அதே உட்பிரிவில் வருகிறது. தரை விரிப்பு எடுத்தால்தான் கார் என்பதும், மார்ச்சில் தருவதாகச் சொன்ன வண்டியை விலையேற்றம் வரைக்கும் தள்ளிப்போடுவதும் சட்டம் பெயர் சொல்லிக் குறித்த தவறுகள். அதனால்தான் அந்த இரண்டாவது பில்லில் 'தாமே விரும்பி' என்று எழுதிக்கொள்கிறார்கள். விரும்பி வாங்கியதாக நம் கையெழுத்து இருந்தால் நிபந்தனை எங்கே என்று கேட்கலாம் அல்லவா?

ஆகவே சண்டை நடப்பது காகிதத்தில்தான். தக்கலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதைச் செய்துகாட்டினார். புக்கிங் படிவத்தில் டெலிவரி தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. அவர் பேனாவை எடுத்து, "மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள். உபரிப் பொருள் எதுவும் வேண்டாம், இன்சூரன்ஸ் நானே எடுத்துக்கொள்வேன்" என்று தமிழிலேயே அடியில் எழுதினார். "டீச்சர், இப்படியெல்லாம் நாங்க எழுத மாட்டோம்" என்றார் எதிரில் இருந்தவர். "நீ எழுதாண்டாம் மக்களே, நான்தான் எழுதியாச்சே. வாங்கினேன்னு ஒரு ஒப்பு போட்டு சீல் வச்சுத் தா." சீல் விழுந்தது. மூன்றாம் மாதக் கடைசியில் வண்டியும் வந்தது, கிட் இல்லாமல். விரிப்பை அவர் வடசேரியில் ஒரு கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

படிவத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 'டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும்' என்ற வரி. ஏறக்குறைய எல்லா நிறுவனமும் இதை வைத்திருக்கிறது. கம்பெனி விலையை ஏற்றினாலோ அரசு வரியை மாற்றினாலோ புக்கிங் நாள் விலையை நாம் கேட்க முடியாமல் போவது இதனால்தான். ஆனால் இந்த நிபந்தனை இரண்டு பக்கமும் வெட்டும். 2025 செப்டம்பர் 22 அன்று கார்களுக்கான ஜி.எஸ்.டி. குறைந்தபோது, முன்பே புக்கிங் போட்டு அந்த நாளுக்குப் பிறகு பில் ஆனவர்களுக்குக் குறைந்த வரிதான் பொருந்தியது. ஆக, விலை ஏறிவிட்டது என்று சொன்னால் அது கம்பெனி ஏற்றியதா, என்றைக்கு ஏற்றியது என்று கேட்டு, கம்பெனியின் இணையதள விலையோடு ஒத்துப் பாருங்கள். ஷோரூமே ஏற்றிக்கொண்ட விலைக்கு இந்த நிபந்தனை துணை வராது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் ஏமாறுவது போல வேறெதிலும் ஏமாறுவதில்லை. ஷோரூமில் எடுத்தால்தான் வண்டியைப் பதிவு செய்ய முடியும் என்று நம்ப வைத்துவிடுகிறார்கள். உண்மை வேறு. வாகன விற்பனையாளர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நெறிமுறைகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அது உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் வந்தது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கையில் கிடைத்ததும் வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவதை நானே பார்த்திருக்கிறேன். "வெளியே எடுத்தால் எங்கள் ஒர்க்ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது" என்று மிரட்டினால், அதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு மேல் பேச்சு வராது.

ஆன்ரோடு விலைத் தாளில் வேறு சில கட்டங்களையும் விரலால் தொட்டுக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கான ஆயுள் வரி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 'ஆர்.டி.ஓ. செலவு' என்று மொத்தமாக எழுதியிருந்தால் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, அதற்கான அரசு ரசீது எங்கே என்று பிரித்துக் கேளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியில் 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்று எழுதியிருந்தால் அது எந்த அரசுக்கும் போகிற பணம் இல்லை. என்ன சேவைக்கு என்று விளக்கம் கேளுங்கள், அடித்துவிடச் சொல்லுங்கள்.

தட்டுப்பாடு நேரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. "ஒருத்தர் கேன்சல் பண்ணிட்டார், கலர் மட்டும் வேற, இன்னைக்கே எடுத்துக்கலாம்" என்று வருகிற அழைப்பு. ஆசையில் ஓடுவோம். அந்த வண்டி எப்போது தயாரானது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கோவாவில் ஒருவர் 2011-ல் புது டாடா கார் என்று பணம் கட்டினார். கைக்கு வந்தது 2009-ல் தயாரான, 622 கிலோமீட்டர் ஓடிய, அடிப்பாகம் துருப்பிடித்த வண்டி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தவறு விற்பனையாளருடையது, தயாரித்த கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று நிரூபிக்காதபோது கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றது நீதிமன்றம். கம்பெனியும் ஷோரூமும் தனித்தனி வியாபாரிகள், ஒருவருக்கு ஒருவர் ஏஜென்ட் இல்லை என்பதுதான் காரணம்.

இந்தத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி ஒன்று உண்டு. ஷோரூமில் தகராறு வந்த அன்றே கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. கம்பெனிகளுக்குத் தங்கள் ஷோரூம்களைக் கண்காணிக்கத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி தருகிற டீலர்களைப் பிடிக்க, வாடிக்கையாளர் போல வேடமிட்ட ஆட்களை ஏஜென்சி மூலம் அனுப்பியது அந்த உத்தரவில் வருகிறது. மாருதி அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. என் கேள்வி வேறு. குறைத்து விற்பவரைப் பிடிக்க ஆள் அனுப்ப முடிகிற ஒரு தொழிலில், கிட் எடுக்காவிட்டால் வண்டி இல்லை என்பவரைப் பிடிக்க ஏன் ஒரு ஆளை அனுப்பக் கூடாது?

புக்கிங்கை ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வராது என்று படிவத்தில் அச்சடித்திருப்பார்கள். அச்சடித்ததெல்லாம் சட்டமாகிவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான இழப்பீட்டுக்குத்தான் இடம் தருகிறது. ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் வண்டியை ஒருவர் வேண்டாம் என்றால், மறுநாளே வேறொருவருக்கு விற்கிற ஷோரூமுக்கு என்ன இழப்பு?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசலாம். முன்பணத் தகராறுகள் பலவும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மார்த்தாண்டம், களியக்காவிளை ஆட்கள் பாதிப்பேர் திருவனந்தபுரத்தில் போய் வண்டி பார்க்கிறார்கள். கேரளத்தில் வாங்கியதற்குக் கேரளத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். 2019 சட்டப்படி, புகார் செய்கிறவர் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எதிர்த்தரப்புதான் நாகர்கோவிலுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கோல்ஃப் ஜி.டி.ஐ. போல 53 லட்சம் கொடுத்து எடுத்த வண்டி என்றால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். டாக்ஸி ஓட்டிப் பிழைக்க ஒரே வண்டி வாங்கியவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். வழக்கு முடியச் சட்டம் சொல்கிற மூன்று மாதம், ஐந்து மாதம் என்பதை அப்படியே நம்பிப் போகாதீர்கள், கூடுதலாகவே இழுக்கும். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும், அதில் கணக்குத் தப்பக் கூடாது.

மஸ்கட்டில் இருக்கிற அக்கா மகனோடு போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஷோரூம் தம்பி அன்றைக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இன்னும் அவன் போனில் இருக்கிறது. 'சார், கிட் கம்பல்சரி, இல்லன்னா அலாட்மென்ட் மாறிடும்.' அழிக்காதே, எனக்கும் ஒன்று அனுப்பு என்றேன். இரண்டு பில்லும் இங்கே அக்கா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. கெடு முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.