தட்டுக்குள் ஓர் ஒழுங்கின்மை



தாயின் வயிற்றில் சீ.ரீ.ஜி. பட்டியைக் கட்டி, ஜெல் பூசிய தட்டைச் சற்று நகர்த்துவோம். திடீரென்று குதிரைக் குளம்படிபோல் ஒரு சத்தம் கேட்கும். பிள்ளையின் இதயம்! அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த தாயின் முகம் மலரும். அந்தத் தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தாதியராகிய நாங்கள் நெடுநாள் யோசித்ததில்லை.

அது ஒரு வகைப் பீங்கான். மின்சாரம் கொடுத்தால் அதிரும்; எதிரொலி திரும்பி வந்து பட்டால் மின்சாரம் தரும். அழுத்தத்தால் மின்சாரம் பிறப்பதை 1880இல் பிரான்சின் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம், ஒட்சிசன் சேர்ந்த பி.இசட்.டி. பீங்கான்.

பாடப்புத்தகப் படத்தில் இதன் அணுக்கள் அணிவகுத்து நிற்கும். உண்மை வேறு. சிர்க்கோனியமும் டைட்டானியமும் ஒரே வகை இடங்களில் முறையின்றிக் கலந்து அமர்ந்திருக்கின்றன. சிர்க்கோனியம் கொஞ்சம் பெரிது. பக்கத்து ஈய அணுக்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சற்றே விலகி நிற்கின்றன. எக்ஸ்ரே சிதறலின் கூர்மையான புள்ளிகள் சராசரி அமைப்பையே சொல்லும். புள்ளிகளுக்கு இடையிலுள்ள மங்கலில்தான் இந்த விலகல்களின் செய்தி இருக்கிறது. வகுப்பின் சராசரிப் புள்ளியை வைத்து ஒவ்வொரு மாணவரையும் அறிய முடியுமா?

இரண்டும் ஏறக்குறைய சமமாகக் கலந்திருக்கும்போது அணுக்கள் ஒரே திசையில் இறுகிப்போவதில்லை. மின்புலத்துக்கு இலகுவாகத் திரும்புகின்றன. மெல்லிய எதிரொலியையும் பிடிக்க அந்த நெகிழ்வு உதவுகிறது. ஆனால் முதலில் வலுவான மின்புலத்தால் பீங்கானைத் திசைப்படுத்த வேண்டும். அதிக சூட்டில் அது குலையும். தட்டை நீராவிக் கிருமிநீக்கியில் வைக்காமல் நாங்கள் துடைத்துச் சுத்தம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு: ஈயம் நஞ்சு. மின்சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியம், ஈடான மாற்று இல்லாததால் இந்தப் பீங்கானுக்கு விலக்கு அளித்திருக்கிறது. நம் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், இத்தகைய பொருள்கள் மின்புலத்தில் களைத்துப்போவதை 2003 முதல் 2014 வரை ஒரு பெரிய ஆய்வுக் குழு ஆராய்ந்தது. அங்கே ஈயமில்லாப் பீங்கான்களை ஆராய்ந்த பேராசிரியர் யூர்கன் ரோடல் 2009இல் லைப்னிட்ஸ் பரிசு பெற்றார். பிஸ்மத்தும் சோடியமும் சேர்ந்த பீங்கான் ஒன்று நம்பிக்கை தருகிறது. அதிலும் அவை இரண்டும் ஒரே வகை இடங்களில் ஒழுங்கின்றியே கலந்திருக்கின்றன.

அபிட்டூர் முடித்து என்ன படிப்பது என்று குழம்பும் பிள்ளைகளே, நோயாளியின் கையைப் பிடிப்பது மட்டும் பணிவிடை அல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு நல்ல பீங்கானைச் சுட்டெடுப்பவரும் அந்தத் தாயின் பக்கத்தில்தான் நிற்கிறார்.