முகம் பார்த்து வியாபாரம் செய்வோம்



கூமாப்பட்டியில் நான் சில்லறைக் கடை வைத்திருந்த காலம். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், நோட்டில் எழுதி வாங்கும் விவசாயி ஒருவர் வந்தார். பழைய பாக்கியைப் பைசா சுத்தமாகத் தீர்த்தார். போகும்போது எலி மருந்து கேட்டார். பாக்கி வசூலான சந்தோஷத்தில் அவர் முகத்தைக்கூடப் பாராமல் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் துக்கச் செய்தி வந்தது.

"சாகத் துணிந்தவரை யார் தடுக்க முடியும்?" என்று நாம் சொல்வதுண்டு. அது தவறு. அந்த எண்ணம் பலருக்கு அலைபோல் எழுந்து, சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். இலங்கையில் 1995-இல் லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கொடிய பூச்சி மருந்துகளை அந்நாட்டு அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005-இல் அது 24 ஆகக் குறைந்தது.

தமிழக அரசும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தடை செய்திருக்கிறது. பழைய சரக்கு மூலையில் கிடந்தாலும் விற்கக் கூடாது. எலித் தொல்லைக்குப் பொறியும் கூண்டும் விற்போம். மற்ற மருந்துகளையும் வாசலில் தொங்கவிடாமல் உள்ளே பூட்டி வைப்போம்.

கலங்கிய முகத்தோடு ஒருவர் தனியே வந்து விஷ மருந்து கேட்டால், "சரக்கு இல்லை, உட்காருங்கண்ணே, வீட்டில் ஏதும் மனக்கஷ்டமா?" என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் குறையும். அவரைத் தனியே அனுப்பாமல் வீட்டாருக்குச் சொல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கலாம். வழக்கு வருமோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிச் சிகிச்சை தர வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதே 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

இது வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல. வியாபாரம் நொடித்து, தூக்கம் கெட்டு, யாரிடமும் சொல்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் பொருந்தும். சக வியாபாரி நாலு நாள் கடை திறக்காவிட்டால் வீடு வரை போய்ப் பாருங்கள்.

அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள்.