சுவருக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு அங்குலம்

போன எபிசோட்ல குளிர்காலத்துக்கு விறகைக் காய வைக்கிறதைப் பத்திப் பேசினேன். அதைக் கேட்ட ஒரு நேயர், "இரும்பு விறகு அடுப்பு வைக்கப் போறோம். பின்னாடி சுவர்ல டைல்ஸ் ஒட்டிட்டா போதும்தானே?"ன்னு கேட்டிருந்தார். போதாது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அமெரிக்காவுல, வெர்மான்ட்ல நாங்க இந்த வீட்டை வாங்கினப்போ பழைய அடுப்பு ஒண்ணு சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தது. பின்னாடி அழகான டைல்ஸ். ரெண்டு குளிர்காலம் நிம்மதியா எரிச்சோம். மூணாவது வருஷம் ஒரு டைல் கழண்டு விழுந்தது. அதுக்குப் பின்னாடி ஜிப்சம் பலகையோட காகிதம் பழுப்பேறியிருந்தது. பலகையை வெட்டிப் பார்த்தா, உள்ளே மரச்சட்டம் கறுத்துப் போயிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பிள்ளைங்க தூங்குற அறை.

நம்ம ஊர்ல அடுப்பைச் சுவரை ஒட்டியே வைப்போம். செங்கல் சுவர்ல கரி பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே பெரும்பாலான வீடுகள்ல சுவருக்குள்ள இருக்கிறது மரம். மேலே ஜிப்சம் பலகை, டைல் எது இருந்தாலும் அதை எரியக்கூடிய சுவராத்தான் கணக்கு வைக்கணும். டைல் எரியாது, ஆனா சூட்டை அப்படியே உள்ளே கடத்தும்.

மரம் தீப்பிடிக்க சாதாரணமா 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேணும். ஆனா வருஷக்கணக்கா சூடு பட்டுக்கிட்டே இருந்தா, மெல்ல மெல்லக் கரியா மாறும். அப்புறம் அதைவிடக் குறைஞ்ச சூட்டிலேயே பிடிச்சுக்கலாம். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே"ங்கிறது இங்கே பாதுகாப்புக்குச் சாட்சி இல்லை.

சரி, எவ்வளவு இடைவெளி விடணும்? உங்க அடுப்பு சோதனைச் சான்று பெற்றதா இருந்தா, பின்பக்கத் தகட்டுலயும் கையேட்டுலயும் தூரம் போட்டிருக்கும். அதுதான் சட்டம். சான்று இல்லாத பழைய அடுப்புன்னா, இங்கே பின்பற்றுற என்எஃப்பிஏ 211 விதிப்படி 36 அங்குலம். ஒற்றைச் சுவர் புகைக்குழாய்க்கு 18 அங்குலம்.

மூணு அடி விட்டா அறையில பாதி போயிடுமே? அதுக்குத்தான் வெப்பத் தடுப்பு. 24 கேஜ் இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மாட்டினா, 36 அங்குலத்தை 12 ஆகக் குறைக்கலாம். அதே சுவர்ல மூணரை அங்குலக் கனத்துக்குச் செங்கல் கட்டி, காத்து போக இடம் விடாம ஒட்டிட்டா, 24 வரைதான் குறைக்க முடியும். மெல்லிய தகடு கனமான செங்கலை ஜெயிக்குது. காரணம் தகடு இல்லை, அதுக்குப் பின்னாடி ஓடுற காத்து. சூடான காத்து மேலே வெளியேறும், கீழே இருந்து குளிர்ந்த காத்து உள்ளே வரும். சுவர் வரைக்கும் சூடு போய்ச் சேராது.

அதனால மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒண்ணு, தகட்டோட அடியும் மேலும் திறந்திருக்கணும். அழகுக்காகக் கீழே பட்டை அடிச்சு மூடினா காத்தோட்டம் நின்னுடும்.

ரெண்டு, தகட்டைத் தாங்குற துண்டுகள் உலோகம் மாதிரி எரியாத பொருளா இருக்கணும். மரத்துண்டு கூடாது. அடுப்புக்கு நேர் பின்னாடி அதைப் பொருத்தவும் கூடாது.

மூணு, தூரத்தை அடுப்பிலிருந்து சுவர் வரைக்கும் அளக்கணும், தகடு வரைக்கும் இல்லை.

சான்று பெற்ற அடுப்புக்கு இந்தக் கணக்கை நீங்களா போடாதீங்க. கையேடு அனுமதிச்சா மட்டும் குறைக்கலாம். முதல் தீ மூட்டுறதுக்கு முன்னாடி உள்ளூர் அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி, தகுதியுள்ள ஒருத்தரை வச்சுச் சோதிச்சுடுங்க.

எங்க வீட்டுல கறுத்த சட்டத்தை மாத்தி, பின்னாடி காத்து ஓடுற மாதிரி தகடு மாட்டியாச்சு. அடுப்பு நல்லா எரியும்போது பிள்ளைங்க அறைக்குப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்கு இன்னும் போகலை. சில்லுன்னுதான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல புகைக்குழாய் சுத்தம் பண்றதைப் பத்திப் பேசலாம்.