தடைசெய்த அறைகளில்தான் தொடங்கினோம்

ஸ்காபரோவில் நம்மில் பலருடைய கனடிய வாழ்க்கை, நாலைந்து பேர் ஒரே குசினியைப் பங்குபோட்ட வாடகை அறையில்தான் தொடங்கியது. அந்த அறைக்கு அனுமதி இருக்கிறதா என்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'இல்லை' என்பதே பதிலாக இருந்திருக்கும்.

ஒரு காணியில் என்ன கட்டலாம், அந்தக் கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை நகரசபையின் வலய விதிகள் தீர்மானிக்கின்றன. 1998இல் ஆறு நகராட்சிகள் இணைந்து இன்றைய ரொறன்ரோ உருவானது. ஆனால் அறை வாடகை விதிகள் பழையபடியே தொடர்ந்தன. நாலு பேரோ அதற்கு மேற்பட்டோரோ தனித்தனியாக அறை எடுத்து, குசினியையோ குளியலறையையோ பகிரும் வீட்டை, பழைய ரொறன்ரோவின் சில பகுதிகளில் உரிமம் பெற்று நடத்த முடிந்தது. ஸ்காபரோ, நோர்த் யோர்க், ஈஸ்ட் யோர்க் பகுதிகளில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது.

தடை இருந்ததால் ஆட்கள் வராமல் விடவில்லை. குறைந்த வாடகைக்கு வேறு இடம் இல்லாததால் வந்தார்கள், மறைவாக இருந்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யாவிட்டாலும், நெருப்புப் பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இல்லாவிட்டாலும் முறைப்பாடு செய்யப் பயம். அதிகாரி வந்தால் முதலில் போவது தங்களுடைய அறைதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்காரருக்கும் சிக்கல்தான். அனுமதி இல்லாத அறையின் வாடகையும் வரிக்குரிய வருமானமே. அதைக் காட்டாமல் விட்டால் வரியோடு வட்டியும் தண்டமும் சேரும். வாடகைக்கு விட்டதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாதவர், விபத்து நடந்தபின் இழப்பீடு கேட்கும்போது கைவிடப்படலாம்.

2024 மார்ச் 31 முதல் இத்தகைய வீடுகளுக்கு நகரம் முழுவதும் அனுமதி உண்டு. பெரும்பாலான குடியிருப்பு வலயங்களில் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். நடத்துபவர் உரிமம் எடுத்து, தீப் பாதுகாப்பு, கட்டட விதிகளுக்கு அமைய வீட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கு முன், 2023 மே மாதத்தில், ஒரே காணியில் நாலு வீட்டுப் பிரிவுகள் வரை கட்டவும் நகரசபை வழி திறந்தது.

உரிமம் எடுக்கச் செலவு உண்டு. திருத்த வேலைக்கு அதைவிடக் கூடுதலாகும். ஆனால் அறையில் இருப்பவர் பயமின்றி முறைப்பாடு செய்ய முடிவது அதனால்தான்.

இன்று நம்மில் பலர் வீட்டுச் சொந்தக்காரர்கள். பக்கத்து வீட்டில் ஆறு மாணவர்கள் குடிவந்தால் முகம் சுளிக்கிறோம். கார் நிறுத்த இடமில்லை, குப்பை கூடுகிறது என்கிறோம். அவை தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். அந்தப் பிள்ளைகளின் அறையில் வெளியே வர வழி இருக்கிறதா என்பதே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. நமக்காக அன்று அதை யாரும் கேட்கவில்லை.