தப்பு வந்தால் வரட்டும்!

கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் பலர் இலக்கண விதிகளை நெட்டுருப் போடுகிறார்கள். பரீட்சையில் மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால், சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் திணறுகிறார்கள்.

ஏன்? படிக்கும் முறைதான் காரணம்.

மொழியை நன்றாகக் கற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இதை 1975-ம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார், ஜோன் ரூபின் என்ற அம்மையார். அவர்கள் தெரியாததை ஊகிக்கிறார்கள். தப்பு வருமே என்று வெட்கப்படுவது இல்லை. தங்கள் பிழையைத் தாங்களே கவனிக்கிறார்கள்.

ஒரு பிழையைப் பார்ப்போம்.

"நான் போனேன்" என்பதற்கு ஆங்கிலத்தில் "ஐ வென்ட்". ஆகவே "நான் போகவில்லை" என்பதற்கு "ஐ டிட் நாட் வென்ட்" என்று பலர் எழுதி விடுகிறார்கள். இது தப்பு. "ஐ டிட் நாட் கோ" என்பதே சரி.

நம் தமிழும் அப்படித்தானே! "போனேன்" என்பதில் இறந்த காலம் இருக்கிறது. "போகவில்லை" என்பதில் உள்ள "போக" காலம் காட்டுவது இல்லை. "கோ"வும் அப்படியே. இப்படி ஒப்பிட்டுப் பார்த்தால் விதி மனதில் நிற்கும்.

மாணவர்களே! பிழைகளுக்கு என்று தனி நோட்டுப் போடுங்கள். பிழைக்குப் பக்கத்தில் சரியான வாக்கியத்தை எழுதுங்கள். அதே போலச் சொந்தமாக மூன்று வாக்கியம் எழுதி, நண்பரிடம் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். பேசினால்தான் தப்பு தெரியும். தெரிந்தால்தான் திருத்த முடியும்.