அடுக்கோவியமும் அசைவுப்படமும்

புத்தளம் மாவட்டக் கரையில் உடப்பு என்னும் தமிழூரிலே கரைவலை இழுத்தல் வழிவழி வந்த தொழிலாகும். தோணியில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்து விடுவர். அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு சாரார் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இயைய இழுத்து மடியைக் கரை சேர்ப்பர். இக்காட்சியைக் கணினியில் வரைந்து அசைவுப்படமாக்க விழையும் மாணவன், வரைந்து முடித்த பின்னரே பெரும்பாலும் ஓர் உண்மையை உணர்கின்றான். காண்பதற்குரிய ஓவியம் வேறு. அசைதற்குரிய ஓவியம் வேறு.

அடுக்கு முறை கணினியோடு பிறந்ததன்று. அசையும் உருவை ஒளி ஊடுருவும் செலுலோயிட் தாளில் வரைந்து, அசையாப் பின்னணியின்மீது வைத்துப் படம் பிடிக்கும் முறைக்கு அமெரிக்கரான ஏர்ல் ஹேர்ட் 1914-இல் காப்புரிமை கோரினார். படந்தோறும் பின்னணியைத் திரும்ப வரையும் துன்பம் அதனால் ஒழிந்தது. 1994-இல் வெளிவந்த போட்டோஷொப் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்ற அடுக்குகளும் அத்தகைய தாள்களை ஒப்பனவே.

எவை தனித்து அசையுமோ அவையே தனி அடுக்குகளாதல் வேண்டும். வானம், கடல், தோணி, மணல் என்பன எளிதிற் பிரியும். இடர் மனித உருவில்தான் உளது. கயிறு இழுப்போனின் உடல், மேற்கை, முன்கை ஆகியவை வெவ்வேறு அடுக்கில் அமைதல் வேண்டும். முழங்கை மூட்டில் இரண்டும் வட்டமாக ஒன்றன்மேலொன்று படிதல் வேண்டும். தோணி மறைக்கும் கடலையும் கை மறைக்கும் மார்பையும் வரையாது விட்டால், அவை நகர்ந்தவுடன் அங்கே வெற்றிடம் தோன்றும். கண்ணுக்குத் தெரியாததை வரைவது வீண் உழைப்பென்று கருதுவோர் இவ்விடத்திலேயே இடர்ப்படுகின்றனர்.

இனி ஏற்றுமதி. போட்டோஷொப்பின் பி.எஸ்.டி. கோப்பை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், ஓப்பன்டூன்ஸ் போன்ற செயலிகள் அடுக்குகளோடே ஏற்கும். அவ்வசதி இல்லாதவிடத்து ஒவ்வோர் அடுக்கையும் பி.என்.ஜி. கோப்பாகத் தனித்தனியே சேமிக்கலாம். ஜேபெக் ஆகாது, அதற்கு ஒளி ஊடுருவும் தன்மை இல்லை. வெற்றுப் பகுதியை வெட்டாது, எல்லாவற்றையும் முழுச் சட்ட அளவிலேயே சேமித்தால் அவை தத்தம் இடத்தில் வந்து பொருந்தும். அச்சுக்குரிய நான்கு நிற முறையில் வரைந்திருப்பின் திரைக்குரிய மூன்று நிற முறைக்கு மாற்றுக. நிழலுக்கும் ஒளிக்கும் இட்ட சிறப்பு விளைவுகள் பிற செயலிகளில் மாறக்கூடுமாதலின், அவற்றை உரிய அடுக்கிலேயே கலந்துவிடுதல் நன்று. இக்கலப்பெல்லாம் படியொன்றிலேயே செய்யத்தக்கது. மூலத்தை ஒரே படமாக இணைத்துச் சேமித்து மூடியவன், பிரித்தெடுத்த கைகால்களை எல்லாம் மீண்டும் வரையவேண்டியவனாவான்.

கோப்பு உட்சென்றதும் சுழல்மையத்தை நோக்குக. செயலி அதனைப் பெரும்பாலும் அடுக்கின் நடுவிலோ சட்டத்தின் நடுவிலோ வைத்திருக்கும்; முன்கைக்கு அதனை முழங்கைக்கு நகர்த்துதல் வேண்டும். பின்னர் ஒரு கையை மாத்திரம் சுழற்றிப் பார்க்க. மூட்டில் இடைவெளி தோன்றுமாயின், மற்றையோரை அசைக்குமுன் மூல ஓவியத்துக்கே மீண்டு அதனை நிரப்புக.