மலத்தில் இரத்தம்: மூலம்தான் என்று முடிவு கட்டலாமா?

மலங்கழிக்கும்போது இரத்தம் கண்டால், அதை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் மறைத்துக்கொண்டு, "உடம்புச் சூடு, மூலமாகத்தான் இருக்கும்" என்று தாமே நோயையும் நிர்ணயித்து, மோரும் வெந்தயமுமாகச் சில வாரங்களைத் தள்ளி, அதற்கும் அடங்காவிட்டால் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பௌத்திரம் குணப்படுத்தப்படும்' என்று பஸ் நிலையச் சுவரில் எழுதியிருக்கும் விலாசத்தைத் தேடிப் போகிற வழக்கம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே பரவிக் கிடக்கிறது. இவ்வாறு அனுமானிப்பவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் அனுமானம் சரியாகவே அமைந்துவிடுகிறது. அபாயமும் அதனால்தான் விளைகிறது. வேறு வியாதி உள்ள சிலரும் தங்களை அந்தப் பெரும்பாலோருடன் சேர்த்தெண்ணி, சிகிச்சைக்கு உகந்த மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள்.

இரத்தத்தின் நிறத்தையும் அது வெளிப்படும் விதத்தையும் வைத்தியர் முதலில் விசாரிப்பது காரணத்தோடுதான். மலம் கழிந்த பின்பு, வலியேதுமின்றிச் செக்கச்செவேலென்று பீங்கானில் சொட்டுச்சொட்டாக விழுமாயின், அது அநேகமாக மூலநோயின் லட்சணம். இறுகிய மலம் வெளிவரும்போது அறுக்கும் வலியும், அதன்பின் நெடுநேரம் எரிச்சலும் இருந்தால், ஆசனவாயில் வெடிப்பு உண்டாகியிருக்கலாம். வயிற்றை முறுக்கிப் பிடித்து, சளியும் இரத்தமுமாக அடிக்கடி போவது சீதபேதி. அமீபா, ஷிகெல்லா முதலிய கிருமிகள் அசுத்தமான நீராலும் உணவாலும் குடலை அடைந்து இதை விளைவிக்கின்றன. இதே தோற்றத்துடன் வாரக்கணக்கில் நீடிப்பது பெருங்குடல் அழற்சியாகவும் இருக்கக்கூடும். பேதி மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்கியும் குணம் காணாதவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இரத்தம் என்றே உணரப்படாமல் போவது கறுப்பு மலம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உள்ள புண்ணிலிருந்து கசியும் இரத்தம், குடலின் நீண்ட பாதையைக் கடப்பதற்குள் சிதைந்து கறுத்து, தார்ப் பிசுக்கும் சகிக்கவொண்ணாத துர்நாற்றமுமாக வெளிவருகிறது. மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இப்புண்ணுக்கு ஒரு பிரதான காரணம். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி மற்றொன்று. மனக்கவலையும் காரமுமே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலிய வைத்தியர் பாரி மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியைத் தம் உடம்பிலேயே வரவழைத்துக் காட்டினார்; அவருக்கும் அவருடைய சகா ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அக்கிருமி பெரும்பாலும் இரண்டு வார மருந்தில் ஒழிந்துவிடுகிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும், பீட்ரூட் சிவக்கச் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றால் தார்ப் பிசுக்கும் அந்த நாற்றமும் வருவதில்லை.

எல்லாவற்றினும் நாம் அஞ்ச வேண்டியது, மூலம் என்ற பெயரின் மறைவில் வளரும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை. மூலம் உள்ளவருக்குப் புற்று வராது என்ற நியதி கிடையாது; இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும். இப்புற்று பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ஒரு சிறு தசைமொட்டாகத் தோன்றி, ஏறக்குறையப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டே நஞ்சாக மாறுகிறது என்பது நமக்குக் கிடைத்த பெரும் அவகாசம். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ரொனால்ட் ரீகனுக்கு 1985 ஜூலையில், தமது 74-ஆம் வயதில், இத்தகைய கட்டி கண்டுபிடிக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டடி நீளக் குடலுடன் அகற்றப்பட்டது. புற்று பரவுமுன் பிடிபட்டமையால் அவர் 93 வயது வரை வாழ்ந்தார்.

நம்மவரைத் தடுப்பது பணமுடை மட்டுமன்று, கூச்சமும்தான். முதற் பரிசோதனையோ மிக எளிது: திரைக்குப் பின்னால் இடப்பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கச் சொல்லி, உறையிட்ட விரலில் களிம்பு தடவி வைத்தியர் உள்ளே தொட்டுப் பார்ப்பார், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகள் அவ்விரலுக்கே தட்டுப்படும். பெண்கள் பெண் வைத்தியரையே கேட்கலாம், அது அவர்களுடைய உரிமை. இச்சோதனையைக்கூடச் செய்யாமல் மூலத்துக்கு மருந்து கொடுப்பவரிடம் உடம்பை ஒப்படைக்க வேண்டாம்.

இரத்தம் நிறையவோ கட்டிகட்டியாகவோ போனாலும், எழுந்து நின்றதும் கண் இருட்டி வியர்த்துப் படபடத்தாலும், தார்மலம் போனாலும், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொருளோ வந்தாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் 108-ஐ அழைக்க வேண்டும். கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டழுது, வாந்தியெடுத்து, இரத்தமும் சளியுமாக மலம் போனால், குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் சொருகிக்கொண்டிருக்கலாம். அங்கே சில மணி நேரத் தாமதமும் ஆபத்து. நாற்பது வயதைக் கடந்தவர்களும், பெற்றோர் உடன்பிறந்தோரில் ஒருவருக்குக் குடற்புற்று வந்தவர்களும், மலங்கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியோ காரணமின்றி மெலிந்தோ இருப்பவர்களும், சிறிதளவு இரத்தம் கண்டாலும் அந்த வாரத்திலேயே வைத்தியரிடம் போவது நலம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தசோகை வந்தால், பேரீச்சம்பழத்தோடும் டானிக்கோடும் திருப்தியடையாமல், குடலில் கண்ணுக்குத் தெரியாத கசிவு உண்டா என்று பார்த்தாக வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் இதைத் தாமாக வாய்திறந்து சொல்லமாட்டார்கள். நீங்களே பக்குவமாகக் கேட்டு, கூட அழைத்துப் போங்கள்.